தாத்தாவின் தகப்பனார் பெயர்

அப்பாவின் டிரங்குப் பெட்டியை அவர் இருந்தவரை யாரும் திறந்ததில்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணனும் நானும் திறந்தோம். மேலே இரண்டு வேட்டிகள். அவற்றின் கீழே பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள்: இலங்கைக் குடியுரிமைக்காக 1951-இல் தாத்தா போட்ட மனுவின் நகல், அதற்காகத் தோட்டத்து ஆபீசில் கொடுத்த கடிதம், இந்தியப் பாஸ்போர்ட்டுகள், மண்டபம் முகாமில் தந்த குடும்ப அட்டை, அட்டை கிழிந்த ஒரு மொய் நோட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒரு வட்டத் தகடு. விளிம்பில் ஓட்டை. ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும் அடித்திருந்தன. ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, கயிறு தொங்கிய பக்கம்.

அது டின் டிக்கெட் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டிச் சீமை என்று சொல்லும் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய காலத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அடையாளம் காட்ட இந்தத் தகட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தகட்டில் பேர் கிடையாது. எண் மட்டும்தான்.

எங்கள் குடும்பம் 1973-இல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்தது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாத 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக 1974-இல் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டார் முதல் கணக்கில் வந்தவர்கள். இலங்கை மலைநாட்டு அட்டனில் ரயில் ஏறும்போது இரண்டு பக்கமும் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்துவிட்டது.

வீட்டில் யாரும் பேச விரும்பாத விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. குடும்ப அட்டையில் 'பூர்வீக ஊர்' என்று முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தின் பேர் இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது 26 வயது. பாட்டியையும் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். தாத்தா 1971-லேயே இறந்துவிட்டார், கப்பல் ஏறவில்லை. ஊரார் அட்டையைப் பார்த்தார்கள், தாத்தாவின் தகப்பனார் பேரைக் கேட்டார்கள், 'நீங்க எங்க ஆளுங்க இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. சொத்தில் பங்கு கேட்பார்கள் என்று பயந்து சொந்தங்களே விரட்டிவிட்டதாக நம்பினார். கொஞ்ச நாள் முகாம், அப்புறம் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நாங்கள் பிறந்தது இங்கேதான்.

அந்த ஊரார் சொன்னது உண்மை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. எப்படி என்பதை விவரமாக எழுதுகிறேன். எங்களைப் போன்ற குடும்பங்களில் பலருக்கு இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கும்.

முதலில் காகிதங்களைப் பற்றி. அப்பா நல்லெண்ணத்தில் 1951 கடிதத்தை லேமினேட் செய்துவிட்டார். சூட்டில் மை மங்கி, ஒரு வரி போயே போய்விட்டது. பிரிக்க முயன்றால் காகிதமும் கூட வரும். பழைய காகிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் எடுங்கள். எங்கள் பாஸ்போர்ட் நகல் ஒன்றின் பின்னால் தாத்தாவின் பிறந்த வருஷம் என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

அந்த வருஷம் வேறு எந்தக் காகிதத்தோடும் ஒத்துப்போகவில்லை. 1951 மனுவின்படி தாத்தா பிறந்தது 1918. பாஸ்போர்ட்டின்படி 1923. பென்சில் எழுத்து 1921 என்கிறது. எது சரி என்று கேட்டுக்கொண்டே இருந்தவரை ஒன்றும் நகரவில்லை. எந்தக் காகிதத்தை யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்கத் தொடங்கியபோது வழி தெரிந்தது. தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம். 1927-இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தபோதும் அந்த மூன்று விகிதமும் அப்படியேதான் இருந்தன. பையனுக்கு மூன்று வயது கூட்டிச் சொன்னால் ஆள் சம்பளத்துக்குச் சீக்கிரம் பேர் பதியலாம். பாஸ்போர்ட் காலத்தில் கவலை வேறு: இந்தியாவில் போய் வேலை கேட்கும்போது வயது குறைவாக இருந்தால் நல்லது. ஆக ஒன்று கூட்டிச் சொன்னது, ஒன்று குறைத்துச் சொன்னது. நடுவில் இருக்கிற, யாருக்கும் காட்ட அவசியமில்லாத அந்தப் பென்சில் எழுத்தை நம்பினேன்.

அதை வைத்து இலங்கையில் பிறப்புச் சான்றிதழ் தேடினோம். தோட்டங்களில் பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைக்கும் பதிவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிக்கல் வேறு இடத்தில் வரும். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பேர் ஒன்று, ஆங்கிலப் பதிவில் இருக்கும் பேர் வேறொன்று. பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பழகிய பேரைச் சொல்லிக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் தெரியாது. 1951 கடிதத்தின் தலைப்பில் ஆங்கிலப் பேர் அச்சாகியிருந்ததால் தப்பித்தோம். அப்படித் தலைப்புக் காகிதம் இல்லாதவர்கள் அந்தக் காலத்துத் தோட்ட டைரக்டரிகளைப் பாருங்கள். ஆங்கிலப் பேர், தோட்டம் இருக்கும் வட்டாரம் இரண்டும் கிடைக்கும். வட்டாரம் தெரிந்தால் எந்தப் பதிவகம் என்பது தெரிந்துவிடும்.

அட்டனில் இருக்கிற சித்தி மகன் எங்களுக்காக நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தான். 1921 என்று மட்டும் எழுதாமல் 1918-லிருந்து 1923 வரை தேடச் சொன்னோம். பேரையும் ஒரே எழுத்துக் கூட்டலில் கொடுக்கவில்லை. கருப்பன் என்ற பேரை அந்தக் காலத்து ஆங்கில எழுத்தர்கள் 'சி'யில் தொடங்குவார்கள், இன்று நாம் 'கே'யில் தேடுவோம். ஒரே ஆள் சில காகிதங்களில் 'அன்' விகுதியோடும் சிலவற்றில் 'ஐயா' என்றும் இருப்பார். இப்படி நான்கு விதமாக எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது முறை போனபோது சான்றிதழ் கிடைத்தது. வருஷம் 1921.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த இடி. அதில் தாத்தாவின் தகப்பனார் பேர் நாங்கள் கேள்வியே படாத பேர். 1951 கடிதத்திலும் குடும்ப அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது வேறொருவர் பேர்.

வேறு யாரோ ஒருவரின் சான்றிதழ் வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாயார் பேர் மட்டும் சரியாக இருந்தது. பாட்டி தன் மாமியாரைப் பேர் சொல்லித் திட்டியதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். மாமனார் பேரை மட்டும் பாட்டி ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மாமனார் பேரைச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தலைமுறைப் பெண்களின் கட்டுப்பாடு. காகிதத்தில் தப்பான பேர் ஏறியபோது அதைத் திருத்தியிருக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பேரை உச்சரிக்க முடியாதவராக இருந்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

முடிச்சை அவிழ்த்தது மொய் நோட்டு. தாத்தா பாட்டி கல்யாணம் 1944-இல் தோட்டத்து லயத்தில் நடந்தது. காப்பிப் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள், ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதா நிறமாகப் பரவியிருக்கிறது. பேர், ஊர், தொகை. பெரும்பாலும் 50 சதம், ஒரு ரூபாய். நான்காவது வரியில் ஐந்து ரூபாய் எழுதியவரின் பேரைப் பார்த்தேன். காகிதங்களில் தாத்தாவின் தகப்பனாராக இருக்கிற அதே பேர். பக்கத்தில் முசிறிப் பக்கத்து அதே ஊர். அதற்கு முன்னால் இரண்டு சொற்கள்: பெரிய கங்காணி.

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. பேரும் ஊரும் எங்கள் குடும்ப அட்டையில் இருக்கிறதே, தாத்தாவின் அப்பா மகன் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறார் என்று எண்ணித்தான் கடந்துபோயிருக்கிறேன். பெற்ற மகன் கல்யாணத்துக்கு யாராவது மொய் எழுதுவார்களா?

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத்தில் ஆட்கள் தனித்தனியாகக் கணக்கில் இருக்கவில்லை, கங்காணியின் ஆட்களாக இருந்தார்கள். ஆளைக் கட்டி வந்தவர் அவர், முன்பணம் கொடுத்தவர் அவர், அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவர் அவர். ஓர் ஆள் தோட்டம் மாறினால் அவர் கடனை எழுதிக் கையில் கொடுக்கும் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஆள் பேருக்குப் பக்கத்திலேயே கங்காணி பேர் இருக்கும். பிறகு இலங்கை சுதந்திரம் அடைந்து, 1948-இல் வந்த சட்டம் நம் ஆட்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1949-இல் வந்த சட்டம், மணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் 1946 ஜனவரி 1-க்கு முன்னால் தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபித்தால் பதிந்துகொள்ளலாம் என்றது. மனுவுக்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கடிதம் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றிருக்கும். கிளாக்கருக்கு அன்று முக்கியம், இந்த ஆள் எத்தனை வருஷமாக இருக்கிறான் என்பது. பழைய பதிவிலிருந்து பக்கத்துக் கட்டத்துப் பேரைத் தகப்பன் பேராகவும் கங்காணியின் ஊரைச் சொந்த ஊராகவும் தட்டச்சு செய்துவிட்டார். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கைநாட்டு வைத்திருக்கிறார். மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தக் கடிதம் உயிரோடு இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு அதைக் காட்டினார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டிக் குடும்ப அட்டை வாங்கினார்கள். நான்கு அரசாங்கக் காகிதங்கள் ஒன்றையொன்று ஆதரிப்பதாக நான் நினைத்தேன். உண்மையில் அவை ஒரே கடிதத்தின் நான்கு பிரதிகள். எத்தனை ஆவணம் ஒரே செய்தியைச் சொல்கிறது என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பின்னால் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1973-இல் அந்த ஊரிலிருந்து திரும்பும்போது பாட்டி, 'நம்ம சாமி அங்க இல்லடா' என்று சொல்லி அழுததாக அத்தை சொல்வார். சாமி கைவிட்டுவிட்டது என்று பாட்டி புலம்புவதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டி சொன்னது நேரான தகவல். குலதெய்வக் கோயில் அந்த ஊரில் இல்லை, ஆகவே அது நம் ஊர் இல்லை.

சரி, அப்படியானால் எது ஊர்? மொய் நோட்டில் நான்கு பேருக்கு முன்னால் 'பங்காளி' என்று எழுதியிருந்தது. நால்வருக்கும் ஒரே ஊர், பட்டி என்று முடிகிற பேர். ஒருவர் பேருக்கு மட்டும் 'கொள. தா.' என்று சுருக்கம். கொளத்தூர் தாலுகா. மேட்டூர்ப் பக்கம் இருக்கிற கொளத்தூர் என்று முடிவு செய்து அங்கே போய் இரண்டு நாள் அலைந்தேன். பாட்டி சொல்லியிருந்த குலதெய்வத்தின் பேரைக் கேட்டு எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

நான் செய்த தப்பு, இன்றைய வரைபடத்தில் தேடியது. 1944-இல் அந்த எழுத்தருக்குக் கொளத்தூர் தாலுகா என்றால் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று. மற்ற இரண்டு ஆலங்குடியும் திருமயமும். சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இப்போது குளத்தூர் தாலுகா என்கிறார்கள், தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில். உங்கள் காகிதத்தில் ஜில்லா, தாலுகா பேர் இருந்தால், அது எழுதப்பட்ட வருஷத்தில் எந்த ஊர் எதற்குள் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். பழைய ராமநாதபுரம் ஜில்லா இன்று மூன்று மாவட்டம். சேலமும் அப்படித்தான் உடைந்தது. சமஸ்தானத்து ஊராக இருந்தால் பிரிட்டிஷ் ஜில்லாப் பதிவுகளில் தேடிப் பயனில்லை.

குளத்தூர் தாலுகாவில் அந்தப் பேரில் ஒன்றுக்கு மேல் ஊர் இருந்தது. பாட்டி சொன்ன சாமிப் பேர்தான் பிரித்துக் காட்டியது. கருப்பர் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் பாட்டி சொன்ன அடைமொழியோடு ஒரே ஊரில்தான் இருந்தார். கோயிலில் விசாரித்தபோது, பங்காளிகளில் மூத்தவர் என்று எண்பது வயதுப் பெரியவர் ஒருவரின் வீட்டைக் காட்டினார்கள். திண்ணையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

'எதுக்கு ஆத்தா வந்திருக்க?'

'சொத்துக்கு வரலைங்க ஐயா. எங்க அப்பாவோட தாத்தா இந்த ஊரான்னு தெரிஞ்சுக்க வந்தேன்.'

இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள் என்றுகூடச் சொல்வேன். பழைய காகிதத்தோடு வெளியூரிலிருந்து வருகிறவரைப் பார்த்தால் நிலத் தகராறு என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் வெறும் கையோடு, மொய் நோட்டின் அந்த ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் எடுத்துப் போனேன். பெரியவர் நான்கு பங்காளிகளின் பேரையும் வாசித்துவிட்டு, 'இதுல ரெண்டு பேரு கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பி வந்தவுக' என்றார். பிறப்புச் சான்றிதழில் இருந்த பேரைச் சொன்னேன். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது கையில் ஓர் ஓலைப் பெட்டி. அதில் மடித்த ஒரு கைச்சீட்டு, பதிவு செய்யாதது. மடிப்பில் நூல் நூலாக விட்டிருந்தது. அவருடைய தாத்தா ஒரு துண்டு நிலத்தை விற்றதற்கு எழுதிக் கொடுத்த சீட்டின் நகல். அதில் ஒரு வரி: 'என் தம்பி கண்டிச் சீமைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாய்த் தகவல் இல்லாதபடியால்.' தம்பியின் பேர் சான்றிதழில் உள்ள பேர். இருவருடைய தகப்பனார் பேரும் இருந்தது. அது எங்கள் தாத்தாவின் பேர். மூத்த மகனுக்குத் தன் அப்பா பேரை வைத்திருக்கிறார் அந்தத் தம்பி, கடல் தாண்டிப் போய், ஒரு தகவலும் அனுப்ப வழியில்லாமல் இருந்தபோதும்.

தேதியில் குரோதன வருஷம் என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், ஆகவே 1865, 1925, 1985 மூன்றுமே குரோதன. வேறு சாட்சி இல்லாமல் முடிவு செய்யக் கூடாது. இங்கே 1921-இல் மகன் பிறந்திருக்கிறான், கையில் டின் டிக்கெட் இருக்கிறது. ஆகவே 1925. பன்னிரண்டு வருஷம் கழித்தால், கொள்ளுத்தாத்தா ஊரை விட்டுப் போனது 1913 வாக்கில். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கமிஷன் 1904 முதல் திருச்சியை மையமாக வைத்துத்தான் நடந்தது. முசிறிக் கங்காணியிடம் குளத்தூர்ப் பையன் எப்படிச் சேர்ந்தான் என்பதற்கு அந்தத் திருச்சி போதும் என்று நினைக்கிறேன். இது மட்டும் என் ஊகம், நோட்டில் ஊகம் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியவர் முறையைக் கணக்குப் போட்டார். 'உங்க அப்பனுக்கு நான் அண்ணன் முறை. ஐயான்னு கூப்பிடாத, பெரியப்பான்னு கூப்பிடு.'

அடுத்த மாசி மாதம் அண்ணன் குடும்பத்தோடு போனோம். கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வரிசையில் அண்ணன் பேரை எழுதினார்கள். அந்த நோட்டின் பழைய பிரதிகள் மூன்று கோயில் பெட்டியில் இருக்கின்றன. ஆண் வழித் தலைக்கட்டுகள் வரிசையாகக் கிடைக்கும். ஊரில் குலதெய்வம் யார் என்று தெரிந்தவர்கள் அரசாங்க ஆபீசுக்குப் போகுமுன் இந்த நோட்டைக் கேளுங்கள். அட்டனில் இருக்கிற சித்திக்கு வீடியோ காலில் கோயிலைக் காட்டினேன். சித்தி ஒன்றும் பேசவில்லை, போனைக் கீழே வைக்கவும் இல்லை.

முசிறி ஊருக்கும் போய்விட்டு வந்தேன். கங்காணியின் பேரன் ஒருவர் இருக்கிறார். 1973-இல் யாரோ வந்து போனதை அவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார். அப்பா சார்பில் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

வரி நோட்டில் பெண்கள் பேர் வராது. பாட்டி எந்த ஊர், பாட்டியின் அம்மா எந்த ஊர் என்பது அதில் கிடைக்கப்போவதில்லை. மொய் நோட்டில் 'பெண் வீட்டார்' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. பதினோரு பேர். ஏழு பேருக்கு ஊர் எழுதியிருக்கிறது, இரண்டு ஊதா மையில் கரைந்துவிட்டன. மிச்சம் ஐந்து ஊர்களின் பேரைத் தனித்தாளில் எழுதி, 1944-இல் அவை எந்தத் தாலுகாவில் இருந்தன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.